ஏழாவது ஜோடி

தம்பி எதிர்த்து நின்று ஜெயித்தவற்றை அக்கா ஒரு வரிசையாகச் சொல்வாள். யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். முதலாவது, ஒன்றாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்பு. இடது கையைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வலது கையால்தான் எழுத வேண்டும் என்று நின்றார் அந்த மனிதர். தம்பி எழுதவே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டான். அடுத்தது, சாக்ஸ் கம்பெனியில் மூன்று சூப்பர்வைசர்கள். மூவரும் அவனைக் கழித்துக்கட்டத்தான் பார்த்தார்கள். மூவருமே கடைசியில் அவன் மேசைப் பக்கம் வந்து நின்று பல்லைக் காட்டினார்கள். பிறகு ரத்தப் புற்றுநோய். அதிலும் டாக்டர்களே பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அப்புறம் தொடர்கிற ரகம். அதற்குக் கொடுத்த மருந்தால் வந்த காய்ச்சல், நெஞ்சில் படிந்த பூஞ்சை, உள்ளே ஏற்றிய அக்காவின் செல்கள் அவன் தோலோடு போட்ட சண்டை, இத்தனையையும் தாண்டினான். எல்லாவற்றுக்கும் மேலே, சொந்த அண்ணனின் இங்க் பேடை ஜெயித்தான். இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான் என்பது அக்காவின் கட்சி.

அந்த அண்ணனை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மூன்று பேரில் நடுவில் பிறந்தவர். குடிநீர் அலுவலகத்தில் புகார் மனுக்களை வாங்கி முத்திரை குத்தி அடுத்த மேசைக்குத் தள்ளுவது அவர் வேலை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் அவருக்கு ஆபீசர் என்று பெயர். அக்கா கிண்டலாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கைப்பையில் தகரப் பெட்டிக்குள் ஓர் இங்க் பேடு. அந்த இங்க் பேடு தம்பிக்காகவே வாங்கியது. தம்பிக்கு எழுதத் தெரியாது. எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் ஆபீசர் வந்து அவன் வலது கட்டைவிரலைப் பிடித்து, ஊதா மையில் ஒற்றி, காகிதத்தில் உருட்டி எடுப்பார். கம்பெனியில் சேர்ந்தபோது அப்படித்தான். வாடகை வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். அப்பா கட்டிய வீடு ஆபீசர் பேருக்கு மாறியதும் அந்த விரலால்தான். "அவனுக்கு நான்தான் கையி, நான்தான் காலு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கை இருந்தது உண்மை. காலை யாரும் பார்த்ததில்லை.

அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் கழுவுகிற வேலை. கழுவிய குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள்; உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டி நின்றாலும் திரும்பக் கழுவுவாள். மனிதர்களையும் அப்படியே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு உண்டு. சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் திரும்பக் கழுவ வேண்டியவர்கள் என்பது அவள் கண்ட முடிவு.

தம்பி அதில் சேர்த்தி இல்லை. அவன் வேலை ஜோடி சேர்ப்பது. மெஷினிலிருந்து சாக்ஸ் ஒவ்வொன்றாகத்தான் விழும். ஒரே மெஷின், ஒரே நூல் என்றாலும் ஒன்று அரை விரல் நீளமாக இருக்கும், ஒன்றின் வாய் இறுக்கமாக இருக்கும். அவற்றைக் கையால் தடவி, மேசையில் நீவி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இரண்டைச் சேர்த்து மடித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் அளவு அட்டை வைத்துப் பார்ப்பார்கள். தம்பி பார்த்த பார்வையிலேயே எடுப்பான். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததால் பக்கத்து மேசைக்காரர்கள் விடமாட்டார்கள்: "ஊருக்கெல்லாம் ஜோடி சேக்குற, உனக்கு ஒண்ணு சேரலியேடா!" அவன் சிரித்துக்கொண்டே, "என் அளவுக்கு இன்னும் மெஷின்ல விழல" என்பான்.

ஒருநாள் அவன் மேசையில் ஒரு சாக்ஸ் கை நழுவிக் கீழே விழுந்து, குனிந்து எடுக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே ஈறில் ரத்தம், காலில் நீலத் திட்டுகள், படி ஏறினால் மூச்சு. ஆபீசரிடம் சொன்னபோது, "சோம்பேறித்தனம், வேறென்ன" என்று நோய்க்குப் பெயர் வைத்தார். ஆஸ்பத்திரியில் வேறு பெயர் வைத்தார்கள்.

இடுப்பு எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். முதல் கீமோ ஓடியது. தலைமுடி போயிற்று, மீசை போயிற்று, உள்ளங்கையும் விரல் நுனியும் சிவந்து தோல் உரிந்தது. வாய் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. காய்ச்சல் ஒரு பக்கம், நெஞ்சில் பூஞ்சை ஒரு பக்கம். ஒருவழியாக அதெல்லாம் அடங்கிய பிறகு டாக்டரம்மா மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆபீசர் முன்னால் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளி ஓரத்தில் உட்கார்ந்தான்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். வெள்ளைப் பின்னணியில் கறுப்பும் சாம்பலுமாகக் கோடு போட்ட சின்னச் சின்னப் புழுக்கள் மாதிரி எதையோ வரிசையாக அடுக்கியிருந்தது. பெரியது முதலில், சிறியது கடைசியில், ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக, கீழே எண் போட்டு.

"இதுதான் குரோமோசோம். உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்த மாதிரி நாப்பத்தாறு இருக்கும். இருபத்து மூணு ஜோடி. செல்லு எப்படி வேலை செய்யணும், எப்ப பெருகணும், எப்ப நிறுத்தணும்ங்கிற உத்தரவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. இது உங்க தம்பியோட மஜ்ஜையில இருந்து எடுத்தது."

தம்பி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். யாரோ தன் மேசையைப் படம் பிடித்து இங்கே மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தவன் மாதிரி பார்த்தான்.

"ஏழாவதுல ஒண்ணு ஒத்தையா நிக்குதே" என்றான்.

"அதேதான். அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன். ஏழுல ஒண்ணு தொலைஞ்சு போச்சு."

ஆபீசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மனு வாங்குகிற குரலில் கேட்டார்: "இது அம்மா வழியில வந்ததா, அப்பா வழியில வந்ததா டாக்டர்?"

"எந்த வழியிலயும் வரல."

"அப்போ ரெண்டு வழியிலயும்னு சொல்றீங்க."

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஓட்டை விழுந்த குடுவையை அவளும் அப்படித்தான் பார்ப்பாள்.

"சார், இது பரம்பரையா வந்த கோளாறு இல்ல. அவரு தோல்ல கொஞ்சம் எடுத்துப் பாத்தோம். அதுல ஏழாவது ஜோடி முழுசா இருக்கு. மஜ்ஜையில மட்டும்தான் போயிருக்கு."

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "அப்போ நூலு நல்ல நூலுதான். ஏதோ ஒரு மெஷின் கெட்டுப்போயி, அது தப்பாவே போட்டுட்டு இருக்கு. அப்படியா டாக்டரம்மா?"

"அப்படியேதான். ஒரு செல்லு ரெண்டாப் பிரியும்போது தவறு நடந்துபோச்சு. அந்தத் தப்பான செல்லு தன்னை மாதிரியே பெருக்கிட்டே போச்சு. கீமோ குடுத்து நிறைய அழிச்சிருக்கோம். ஆனா போன வாரம் எடுத்ததுலயும் சில செல்லுல ஏழு ஒத்தையாத்தான் இருக்கு. உக்காந்து பாத்துட்டு இருந்தா அது மறுபடி பெருகும்."

பிறகு அவர் மறைக்காமல் சொன்னார். ரத்தப் புற்றுநோய் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் குரோமோசோம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன் மாறும். சில மாற்றங்கள் சாது; அவை உள்ளவர்களில் பலர் கீமோவிலேயே தேறிவிடுவார்கள். ஏழாவது தொலைந்தது அந்த ரகம் இல்லை. கீமோ மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். வேறொருவரின் ஸ்டெம் செல்லை, ரத்தத்தை உண்டாக்குகிற மூலச் செல்லை, ஏற்றினால் வழி இருக்கிறது. அதிலும் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவு பலன் இவனுக்குக் கிடைக்காது. இப்படிப்பட்ட பத்துப் பேருக்கு அப்படிச் செல் ஏற்றினால் மூன்று பேர், அதிகம் போனால் நாலு பேர் நிற்கிறார்கள். செய்யாவிட்டால் ஒருவர் நின்றாலே பெரிது. செல்களைக் கூடப்பிறந்தவர்களிடம் எடுப்பது நல்லது; இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பொருத்தம் பாருங்கள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் ஆபீசர் நடைபாதையில் நின்று தீர்ப்புச் சொன்னார். "பத்துல மூணு. அதாவது நூத்துக்கு முப்பது. ஃபெயில் மார்க்கு."

"நீ கணக்குல முப்பத்தஞ்சு வாங்கிட்டுத்தானேடா ஆபீசர் ஆன?" என்றாள் அக்கா. "இன்னும் அஞ்சு மார்க்கு சேத்துப் போட்டா அவனும் ஆபீசர்தான்."

அக்கா மறுநாளே ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஆபீசருக்கு முதலில் லீவு கிடைக்கவில்லை. பிறகு லீவு கிடைத்தது, ஆனால் பல் வலித்தது. பல் சரியானபோது அலுவலகத்தில் தணிக்கை வந்தது. அந்தக் குடிநீர் அலுவலகத்தில் தணிக்கை வந்து அக்கா ஜென்மத்தில் கேள்விப்பட்டதில்லை. குழாயில் தண்ணீர் வந்தும் கேள்விப்பட்டதில்லை.

உண்மையான காரணம் அத்தை வழியாக வந்தது. அப்பாவுடன் பிறந்த அத்தை, குடும்பத்துச் செய்திகளை எல்லோருக்கும் முன்னால் வாங்கி, எல்லோருக்கும் பின்னால் புரிந்துகொள்கிறவர். அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காலைக் கழுவுவதற்குள் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி, நம்ம வம்சத்துலயே ஏழாவது இல்லையாமே?"

"யாரு சொன்னா அத்தை?"

"உன் பெரிய தம்பிதான். கம்ப்யூட்டர்ல படத்தோட காட்டினாங்களாம். அவன் ரத்தம் குடுத்து, அவனுக்கும் இல்லேன்னு எழுதி வந்துட்டா என்ன பண்றது? பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கான். நாளைக்கு அவங்க வந்து கேட்டா ஏழு எங்கேன்னு எங்க போயி தேடுவான்?"

"அவனுக்கு ஏழாவது இருக்கு அத்தை. முதுகெலும்புதான் எங்கயோ தொலைஞ்சு போச்சு."

அத்தை அதையும் மனதில் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு தூரத்துச் சொந்தம் போன் செய்து, ஆபீசருக்கு முதுகெலும்பில் என்ன என்று அக்கறையாக விசாரித்தது.

அக்காவின் ரத்தம் தம்பியோடு முழுதாகப் பொருந்தியது. அந்தச் செய்தியைக் கேட்டபோது அவள் சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த குழாயைப் பத்திரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் எச்சரித்தார். பெண்ணின் செல்களை ஆணுக்கு ஏற்றும்போது, புதிய செல்கள் பழைய உடம்பை அந்நியன் என்று நினைத்துத் தாக்குவது கொஞ்சம் கூடுதலாக நடக்கும். தோல், குடல், கல்லீரல் எல்லாம் அடிபடலாம். அண்ணனும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் நல்லது. அவருக்கும் பொருந்தினால் அவரிடமே எடுக்கலாம். அக்கா போன் செய்தாள். ஆபீசர், "பாக்கலாம்" என்றார். அலுவலகத்தில் மனுக்காரர்களிடம் அவர் தினமும் சொல்கிற சொல் அது. அதற்கு என்ன அர்த்தம் என்று தண்ணீர் வராத தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்த எச்சரிக்கையில் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு ஆபீசர் ஊர் சுற்றினார். ஆம்பளைக்குப் பொம்பளை ரத்தம் ஏற்றப் போகிறார்கள். அவனுடைய குரோமோசோமே பொம்பளைக் குரோமோசோமாக மாறிவிடுமாம். அக்காதான் பிடிவாதமாக நிற்கிறாள். அத்தை ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி வந்து தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயோ, மீசை போயிடுச்சே! ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இன்னும் ஏத்தவே இல்ல அத்தை" என்றான் தம்பி. "இது மருந்துல உதிர்ந்தது. அக்கா ரத்தம் ஏறினப்புறம் மீசை நல்லா வளரும் பாருங்க. அக்காவைப் பாத்து இந்த ஊர்ல எந்த ஆம்பளைக்குத்தான் பயமில்ல?"

அவன் சிரித்த சிரிப்பில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. அக்கா துணியை நனைத்து ஒற்றினாள். சிரிக்காதேடா என்று திட்ட வேண்டும் என்று நினைத்தாள், மனசு வரவில்லை.

தம்பிக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். அங்கே பேச ஆள் இல்லை. பார்ப்பதற்கு இருந்தது இரண்டே பொருள். ஒன்று, மணிக்கட்டில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை. அதில் அவன் பெயர் அச்சடித்திருந்தது. இன்னொன்று, கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை. நர்ஸ் அதில் அவன் பெயரைக் கையால் எழுதியிருந்தார். ஒரே பெயர், இரண்டு இடம். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. ஜோடி சேர்க்கிறவன் கண் சும்மா இருக்குமா? இதன் முதல் வளைவுக்கு அதில் எது இணை, இந்தச் சுழிக்கு அதில் எது இணை என்று அவன் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்த இடது கை விரல் போர்வையின் மேல் எதையோ கிறுக்கிக்கொண்டே இருக்கும். மருந்தால் வந்த நடுக்கம் என்று அக்கா நினைத்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊட்டிவிட்டுப் போய்விடுவாள்.

செல் ஏற்றுவதற்கு நாள் குறிப்பதற்கு முன்பு நோயாளியின் சம்மதம் வாங்க வேண்டும். நர்ஸ் அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது அறையில் அக்கா இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆபீசரும் வந்து சேர்ந்தார். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, கைப்பையோடு. கையில் அவரும் ஒரு காகிதம் வைத்திருந்தார். கீழே கவுண்டரில் கேட்டு வாங்கியது. டாக்டர் சொல்லை மீறி, என் சொந்த விருப்பத்தில் வீட்டுக்குப் போகிறேன் என்று நோயாளி எழுதிக்கொடுக்கிற காகிதம்.

"மூக்கை மூடு" என்றாள் அக்கா.

"இரு அக்கா. நான் முடிவு பண்ணிட்டேன். இவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். ஃபெயில் ஆகப்போற பரிட்சைக்கு எதுக்கு இவனை உக்கார வச்சுக் கொல்றீங்க? நிம்மதியா இருக்கட்டும்."

"யாரு வீட்டுக்கு?"

ஆபீசர் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தார். இங்க் பேடை எடுத்துக் கட்டிலில் வைத்தார். இருபது வருஷப் பழக்கத்தில் தம்பியின் வலது கையைக் கேட்காமலே எடுத்து, கட்டைவிரலை ஊதா மையில் ஒற்றி, காகிதத்தில் உருட்டினார்.

காகிதத்தில் ஊதாக் கறை ஒன்று விழுந்தது. ஒரு கோடு இல்லை, வளையம் இல்லை. பிள்ளைகள் சட்டையில் சிந்திய மை மாதிரி ஒரு கறை.

"இது செல்லாது சார்" என்றார் நர்ஸ். "கீமோவுல அவருக்கு விரல் தோல் உரிஞ்சு போச்சு. ரேகை இல்ல."

ஆபீசர் ஆட்காட்டி விரலை ஒற்றிப் பார்த்தார். கறை. நடுவிரல். கறை. இருபது வருஷமாகத் திறந்த பூட்டில் சாவி மாட்டாதவர் மாதிரி, இடது கைக்குத் தாவினார். அந்தக் கையைத் தம்பி மெல்ல இழுத்துக்கொண்டான்.

"விடுண்ணே. வலிக்குது."

"அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று நர்ஸ் கேட்டார்.

ஆபீசர் சிரித்தார். முழு வாயால், முகக்கவசம் தாடைக்கு இறங்க. "இவனா? ஒண்ணாங் கிளாஸையே தாண்டாதவன்மா. அவனுக்கு நான்தான் எல்லாம்."

தம்பி நர்ஸைப் பார்த்தான். "சிஸ்டர், உங்க கையில இருக்கிறதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா? முழுசா."

நர்ஸ் கட்டில் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பழைய மஜ்ஜையை மருந்தால் அடியோடு அழிப்பார்கள் என்று இருந்தது. புதிய செல்கள் பிடிக்காமல் போகலாம் என்று இருந்தது. பிடித்த பிறகு உடம்பையே தாக்கலாம், கிருமி தாக்கலாம், ஏழாவது குரோமோசோம் இல்லாத காரணத்தால் நோய் திரும்பிவரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், உயிரே போகலாம் என்றெல்லாம் இருந்தது. ஒவ்வொரு 'போகலாம்' வரும்போதும் ஆபீசர், 'பாத்தியா, பாத்தியா' என்று தலையை ஆட்டினார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் தான் ஒரு வார்த்தை பேசினால் அதுவும் அவன் விரலைப் பிடித்து ஒற்றுகிற மாதிரிதான் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் பட்ட கஷ்டங்களில் அந்த மௌனத்துக்குத் தனி இடம் உண்டு.

படித்து முடித்ததும் தம்பி சொன்னான்: "அண்ணே, எங்க மேசையில ஒத்தை சாக்ஸ் வந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"தூக்கிப் போடுவீங்க."

"மாட்டோம். புதுசா வர்ற சூப்பர்வைசருங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மேசைக்குக் கீழ ஒரு கூடை இருக்கு. ஒத்தைக் கூடை. அதுல போட்டு வைப்போம். வேற லாட்டுல, வேற நாள் ஓட்டின சரக்குல, அதே அளவு ஒண்ணு வரும். எல்லாத்துக்கும் வராது. பாதிக்கு மேல கூடையிலயே கெடந்து போயிடும். ஆனா வரும்போது ஒத்தையைக் கையில வச்சிருக்கணும். தூக்கிப் போட்டுட்டா வந்தும் பிரயோஜனமில்ல." அவன் மூச்சு வாங்கினான். "இங்க வேற லாட்டு வந்தே நிக்குது. முழு ஜோடியோட." அக்காவைக் கண்ணால் காட்டினான். "சிஸ்டர், பேனா குடுங்க."

இடது கையில் பேனாவைப் பிடித்தான். அந்தக் கையை வாத்தியார் கட்டிப்போட்டதற்கு அப்புறம் அதில் யாரும் பேனா கொடுத்ததில்லை. மணிக்கட்டுப் பட்டையை ஒரு பார்வை, சுவரில் இருந்த பலகையை ஒரு பார்வை. காகிதத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, முதல் எழுத்தின் வளைவைத் தொடங்கினான். விரல் நுனி எரிந்திருக்க வேண்டும். இரண்டு தரம் நிறுத்திப் பேனாவை மாற்றிப் பிடித்தான். அவன் போர்வையில் கிறுக்கிக்கொண்டிருந்தது என்ன என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எழுதலம்மா, படம் வரையுறான்" என்றார் ஆபீசர்.

"எல்லாரும் வரையத்தான் செய்றோம் சார். உங்களது என்ன, அச்சா அடிக்குது?" என்றார் நர்ஸ், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசி எழுத்தின் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தம்பி அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "வாயி கொஞ்சம் தளர்ந்து போச்சு. பரவால்ல, ஜோடி சேரும்" என்றான்.

அக்கா குனிந்து பார்த்தாள். அவன் பெயர்தான். அம்மா கூப்பிட்ட பெயர். அதன் கீழே நர்ஸ் அன்றைய தேதியை எழுதி, தானும் கையெழுத்துப் போட்டார். ஆபீசர் இங்க் பேடை மூடித் தகரப் பெட்டியில் வைத்தபோது மூடி சரியாக உட்காரவில்லை. கைப்பையெல்லாம் ஊதாவாகிவிட்டது என்று பிற்பாடு ஆபீசரின் மனைவிதான் சொன்னாள். அக்காவுக்கு வெகுநாளாக இவ்வளவு நல்ல செய்தி வந்ததில்லை.

பிறகு நடந்ததில் ஆபீசர் பார்க்க வந்தது ஒரே ஒரு தடவை. செல்களைப் பெருக்குவதற்காக, எலும்பை வலிக்கவைக்கும் ஊசிகளை அக்கா சில நாள் போட்டுக்கொண்டாள். இரண்டு கையிலும் குழாய் மாட்டி ஒரு மெஷின் பக்கத்தில் படுத்திருந்தாள். அவளுடைய ரத்தத்திலிருந்து வடித்த செல்கள் ஒரு பையில் சேர்ந்தன. அந்தப் பையைத் தம்பியின் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டு மெல்ல இறக்கிக்கொண்டிருந்தபோது, ஆபீசர் கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஆபரேஷன் எந்த ரூம்ல?" என்று கேட்டார். இதுதான் என்றார்கள். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று திரும்பிப் போனார். அடுத்த சில வாரங்கள் தம்பியின் தோல் தீய்ந்த மாதிரி சிவந்து உரிந்ததையும், கண்ணின் வெள்ளை மஞ்சளானதையும், அக்காவின் செல்கள் அவனை உலுக்கி எடுத்ததையும் பார்க்க அவர் இல்லை. பார்க்க வந்த மற்றவர்கள் கொண்டுவந்த திராட்சையையும் பூங்கொத்தையும் அக்கா வாசலிலேயே வாங்கி, வாசலிலேயே திருப்பிக்கொடுத்தாள். "அவனுக்குக் கிருமி ஆகாது. உங்களுக்கும் அவன் ஆகமாட்டான்னு கேள்விப்பட்டேன்" என்றாள். சிலருக்குப் புரிந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். டாக்டரம்மா அதே திரையைத் திருப்பினார். தம்பி இந்தத் தடவையும் எழுந்து பக்கத்தில் போனான், ஊன்றுகோலோடு. ஏழாவது எண்ணுக்கு மேலே இரண்டும் நின்றன, ஒரே உயரமாக. கடைசி ஜோடி மட்டும் ஆணுக்கு இருக்கிற மாதிரி ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இல்லாமல் சமமாக இருந்தது.

"பாத்த செல்லு எல்லாத்துலயும் அக்காவோட ஜோடிதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒத்தை ஒண்ணுகூட இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் கவனமா இருக்கணும். இந்த ரகம் திரும்பிவர்ற ரகம்."

இரண்டு வருஷமும் போயிற்று. மீசையும் வந்தது, முன்பைவிட அடர்த்தியாக. மாப்பிள்ளை வீட்டார் ஏழாவதைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் ஆபீசரின் மகளைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது எங்கே போனாலும் ஆபீசர் சொல்வது இதுதான்: "நம்ம குடும்ப ரத்தம்தானே அவனைக் காப்பாத்துச்சு!" அத்தை அதற்குத் தலையாட்டுகிறார். எந்த ரத்தத்தை ஊரெல்லாம் தூற்றினார்களோ அதே ரத்தம். இரண்டு பேர் முகத்திலும் வெட்கத்தின் ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நன்றாகக் கழுவிய குடுவைகள் என்று அக்கா ஒப்புக்கொள்கிறாள்.

தம்பி பிறந்த தேதி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாய்க்கு வந்ததை எழுதிவைத்தார். புதிய செல் ஏறிய நாளைத்தான் இனி பிறந்த நாளாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வார்டில் எல்லோருக்கும் சொல்வார்கள். கம்பெனியில் அவன் மறுபடி வேலைக்குச் சேர்ந்த அன்று, பதிவு எழுதுகிறவர் பிறந்த தேதியைக் கேட்டார். கூட வந்திருந்த ஆபீசர் வாத்தியார் எழுதிய தேதியைச் சொன்னார். அக்கா செல் ஏறிய தேதியைச் சொன்னாள். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் வேணாம் சார்" என்றான் தம்பி. "ஒண்ணு வாத்தியார் போட்டது, இன்னொண்ணு டாக்டர் போட்டது. நானே கையெழுத்துப் போட்டது ஒண்ணு இருக்கு." இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதி, பக்கத்தில் தேதியையும் தானே எழுதினான்: 2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை.